கார் ஓட்டிய கைக்குப் புதிய டிராக்டர்: சிறு தோட்டக்காரர்களுக்கு ஒரு பழகுமுறை

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப்பேட்டைப் பக்கங்களில் இரண்டு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பை வைத்துக்கொண்டு, வார நாட்களில் கோவையிலோ திருப்பூரிலோ வேலை பார்த்துவிட்டு, சனி ஞாயிறுகளில் தோட்டத்துக்கு வருகிறவர்கள் பலர் இப்போது சொந்தமாக மினி டிராக்டர் வாங்குகிறார்கள். மண்ணில் பதம் இருக்கும் நாளில் வாடகை வண்டி கிடைப்பதில்லை என்பதும், பெரிய டிராக்டர் மர வரிசைகளுக்குள் திரும்பும்போது சொட்டுநீர்க் குழாய்கள் நசுங்கிப்போகின்றன என்பதும் இதற்கு நியாயமான காரணங்கள். மஹிந்திரா ஜீவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி2741 போன்ற 24 முதல் 27 குதிரைத்திறன் வரையிலான, நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகள் இந்த அளவுத் தோப்புக்குப் போதுமானவை. ஆனால் வண்டி சிறியது என்பதால் அதைப் பழகுவதும் எளிது என்று எண்ணிவிடக் கூடாது.

அன்றாடம் டிராக்டர் ஓட்டும் ஓட்டுநருக்குக் கையும் காலும் யோசிக்காமலே வேலை செய்யும். வாரத்துக்கு ஒரு முறையோ மாதத்துக்கு இரு முறையோ ஏறுகிறவருக்கு அந்தப் பழக்கம் முழுமையாகப் படிவதே இல்லை; அவசரம் என்று வரும்போது அவருடைய கால் இத்தனை ஆண்டுகள் ஓட்டிய காரின் பழக்கத்துக்கே போய்விடும். ஆகவே ஓய்வுநாள் விவசாயி சாமர்த்தியத்தை நம்புவதைவிட, ஒரு சில செயல்களை ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில் செய்து பழகுவதும், காரில் படிந்த சில வழக்கங்களைத் தெரிந்தே கைவிடுவதும்தான் முக்கியம்.

வண்டி வந்து இறங்கும் நாள்

டீலரிடமிருந்து வண்டியுடன் வரும் மெக்கானிக் பூஜை முடிந்ததும் கிளம்பிவிடத்தான் பார்ப்பார். அவரை ஒரு மணி நேரமாவது நிறுத்திவைத்து, ஒவ்வொரு லீவரையும் அவர் இயக்கிக் காட்ட, பிறகு நீங்கள் இயக்க, அவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எஞ்சினை நிறுத்துவது எப்படி என்பதையே முதலில் கேளுங்கள். பல டிராக்டர்களில் சாவியைத் திருப்பினால் மட்டும் எஞ்சின் நிற்காது. டீசலை அடைக்கும் குமிழைப் பிடித்து வெளியே இழுக்க வேண்டும். இந்தக் குமிழ் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்பது தோட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், வண்டி ஓட்டவே போகாதவர்களுக்கும், தெரிந்திருக்க வேண்டும். ஓட்டுகிறவர் சிக்கிக்கொண்டால் ஓடிவந்து அதை இழுக்கப்போவது அவர்கள்தான்.

அன்று மாலை எஞ்சினை முடுக்காமல் இருக்கையில் அமர்ந்து, கிளட்ச், இரண்டு பிரேக்குகள், கை ஆக்சிலேட்டர், வேக வரம்பை மாற்றும் ஹை-லோ லீவர், முக்கிய கியர், நான்கு சக்கர இழுவைக்கான லீவர், பி.டி.ஓ. (எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் மாட்டும் கருவிக்குக் கடத்தும் தண்டு) லீவர், கருவியைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லீவர், இரு பின்சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் லாக் பெடல் ஆகியவற்றைக் கீழே பார்க்காமலே தொட்டறியும் வரை பழகுங்கள். கையேட்டைத் தமிழில் கேட்டு வாங்கி, அதைத் தோட்டத்து வீட்டிலேயே வைத்திருங்கள்.

கைவிட வேண்டிய கார் பழக்கங்கள்

கார் ஓட்டுகிறவர் ஓடும்போதே கியர் மாற்றுவார். டிராக்டரில் செய்யப்போகும் வேலைக்கு ஏற்ற கியரை நின்ற நிலையிலேயே தேர்ந்துகொண்டு, அந்தக் கியரிலேயே சாலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போவதுதான் முறை. ஹை-லோ லீவரை ஓடும்போது மாற்ற முயன்றால் பற்சக்கரங்கள் உரசித் தேய்ந்துபோகும். எந்தக் கியரில் தொடங்குவது என்று ஐயம் இருந்தால் குறைந்த கியரில் தொடங்குவதே சரி.

இரண்டாவது, வேகம். காரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் தானாகக் குறையும். டிராக்டரில் கை ஆக்சிலேட்டரை ஓர் அளவில் வைத்துவிட்டால், நீங்கள் என்ன செய்தாலும் எஞ்சின் அந்தச் சுற்றிலேயே நிற்கப் பார்க்கும். பாரம் கூடினால், எஞ்சின் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கூடுதல் டீசலைக் கொடுத்து அதே சுற்றைக் காப்பாற்றும். முதல்முறை ஓட்டுகிறவர்கள் மரத்தை நெருங்கும்போது திகைத்துப்போவது இதனால்தான்: காலை எடுத்துவிட்டார்கள், வண்டியோ நிற்கவில்லை. தட்டையான வயலில் நிறுத்த வேண்டுமென்றால் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதிக்க வேண்டும் என்பதைக் கால் தானாகச் செய்யும் வரை, வெற்று வண்டியை மெதுவாக ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்திப் பழக வேண்டும்.

ஆனால் இந்த விதி இறக்கத்தில் செல்லாது என்பதை அதே அளவு அழுத்தமாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில், அதுவும் பின்னால் பாரமேற்றிய பெட்டி (டிரெய்லர்) இருக்கும்போது, கிளட்சை மிதித்தால் எஞ்சினின் பிடி முழுதும் விட்டுப்போய், பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும். பெரும்பாலான சிறு பெட்டிகளுக்குத் தனி பிரேக் கிடையாது. இறக்கம் தொடங்கும் முன்பே நின்று, குறைந்த கியரைப் போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்திருக்கும்படி இறங்க வேண்டும். நான்கு சக்கர இழுவை இருந்தால் இறக்கத்தில் அதைப் போட்டே வைத்திருங்கள். முன்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். தார்ச்சாலைக்கு வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முன் டயர்கள் வெகு சீக்கிரம் தேய்ந்துவிடும்.

கிளட்ச் பெடலின் மேல் காலை ஓய்வாக வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும். உங்கள் வண்டியில் இரட்டைக் கிளட்ச் இருந்தால் அதன் இரண்டு நிலைகளைப் பாதம் உணர வேண்டும்: பாதி மிதித்தால் சக்கரங்களுக்குப் போகும் விசை மட்டும் நிற்கும், பி.டி.ஓ. சுழன்றுகொண்டே இருக்கும், இன்னும் அழுத்தினால், சற்றுக் கூடுதலான எதிர்ப்புக்குப் பின், பி.டி.ஓ.வும் நிற்கும். விடும்போது முதலில் பி.டி.ஓ.வும் பிறகு சக்கரமும் உயிர்பெறும். ஒற்றைக் கிளட்ச் வண்டி என்றால் வேறு ஓர் எச்சரிக்கை உண்டு. புல்வெட்டும் ஸ்லாஷர் போன்ற கனமான சுழல் கருவிகள், கிளட்சை மிதித்த பிறகும் தம் சுழற்சி வேகத்தால் கியர்பெட்டி வழியாக வண்டியையே முன்னே தள்ளக்கூடும். அதைத் தடுக்க ஒருவழிக் கிளட்ச் இணைப்பு ஒன்றைப் பொருத்துவார்கள்; அது இருக்கிறதா என்று டீலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிரேக்கைப் பொறுத்தவரை, வயலில் இடது வலது பெடல்கள் தனித்தனியாக இருப்பது ஒரு பக்கச் சக்கரத்தைப் பிடித்துக் குறுகலாகத் திரும்புவதற்காக. சாலைக்குப் போகுமுன் இரண்டையும் இணைக்கும் தாழைப் போட்டே ஆக வேண்டும். தாழ் போடாமல் வேகத்தில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமாகச் சுழன்று கவிழும்.

கருவி இல்லாத ஓட்டம்

முதல் சில நாட்கள் கலப்பையும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். மரமில்லாத ஒரு துண்டு நிலத்தில் தூரத்தில் ஒரு குச்சியை நட்டு, முன்சக்கரத்தைப் பார்க்காமல் அந்தக் குச்சியைப் பார்த்தே நேராக ஓட்டிப் பழகுங்கள். சால் நேராக வருவது கண் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிறகு இரண்டு கற்களுக்கு நடுவே போய்த் திரும்புவது, பின்னோக்கி வந்து ஓர் இடத்தில் நிற்பது. அதன்பின் காலிப் பெட்டியை மாட்டிப் பின்னோக்கி எடுக்கலாம். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால், பெட்டியின் பின்முனை எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். அளவாக, மெல்ல நகர்த்துங்கள். பெட்டி மடங்கத் தொடங்கினால் திருத்த முயலாமல் முன்னே இழுத்து நேராக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

உடன் யாரும் ஏறக் கூடாது. மட்கார்டின் மேல் பேரனையோ தங்கையையோ உட்காரவைத்து ஒரு சுற்று வருவது நம் ஊர்களில் அன்பின் அடையாளமாகவே இருக்கிறது. ஆனால் ஒரு குழியில் பின்சக்கரம் இறங்கி ஏறினாலே அங்கிருந்து விழுகிறவர் விழுவது அந்தச் சக்கரத்துக்கு முன்னால்தான். இருக்கை ஒன்று, ஆள் ஒருவர். இதில் விதிவிலக்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

முறையாகக் கற்க விரும்புவோருக்கு, ஆந்திரத்தின் அனந்தபுரம் மாவட்டம் கார்லதின்னேயில் உள்ள ஒன்றிய அரசின் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனம் டிராக்டர் இயக்கத்தில் பயிற்சி அளிக்கிறது. நம் வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் வண்டி உங்கள் ஊருக்கு வந்தால், அதன் ஓட்டுநர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதும் நல்ல பாடம்.

கவிழ்வது எப்படி நடக்கிறது

டிராக்டர் விபத்துகளில் மிகக் கொடியது பின்பக்கமாகக் கவிழ்வது. பின்சக்கரங்கள் சேற்றில் புதைந்தோ தடைபட்டோ சுழல முடியாமல் நிற்கும்போது எஞ்சினின் விசை வேறு வழியின்றி, பின்அச்சை மையமாக வைத்து வண்டியின் உடலையே தூக்கத் தொடங்கும். முன்சக்கரம் எழும்பியதிலிருந்து வண்டி மல்லாந்து விழுவதற்கு ஒன்றரை நொடிக்கு மேல் ஆகாது. மீளக்கூடிய கட்டம் அதில் பாதியிலேயே கடந்துவிடும். எனவே முன்பக்கம் லேசாக எழும்பும்போதே கிளட்சை மிதித்துவிட வேண்டும். என்ன நடக்கிறது என்று பார்த்து முடிவெடுக்க நேரம் இருக்காது.

இதிலிருந்து வரும் விதிகள் தெளிவானவை. புதைந்த பின்சக்கரத்துக்கு முன்னால் கட்டையோ கல்லோ கொடுத்து முன்னோக்கி ஏற்ற முயலக் கூடாது. பின்னோக்கி வந்து பாருங்கள், முடியாவிட்டால் வேறு வண்டியை வைத்து இழுங்கள். ஒரு சக்கரம் மட்டும் வழுக்கினால் கிளட்சை மிதித்து, டிஃபரன்ஷியல் லாக்கைப் போட்டு நேராக வெளியே வந்து, திரும்புமுன் அதை விட்டுவிட வேண்டும். எதை இழுத்தாலும், விழுந்த தென்னை மரமானாலும் சரி, கீழே இருக்கும் இழுவைக் கொக்கியில் மட்டுமே சங்கிலியை மாட்ட வேண்டும். பின்அச்சிலோ, கருவியின் மேல்முனையைப் பிடிக்கும் டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ மாட்டினால் இழுவை உயரப் போய், வண்டியைப் பின்னால் சாய்க்கும். வாய்க்கால் கரையையோ உயரமான வரப்பையோ முன்னோக்கி ஏறிக் கடப்பதைவிட, மண்வெட்டி எடுத்துச் சரிவைக் குறைத்துவிட்டுக் கடப்பதே அறிவுடைமை. கனமான கருவியைத் தூக்கியபின் ஸ்டீயரிங் லேசாகிவிட்டதுபோல் தெரிந்தால், முன்பக்கத்தில் எடைக்கட்டி மாட்ட வேண்டும் என்று பொருள்.

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் கிணறு தனி ஆபத்து. சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறுகள் இன்னும் நிறைய இருக்கின்றன. விளிம்பு மண் மேலே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே அரித்திருக்கலாம். பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூரமாவது விளிம்பிலிருந்து விலகி ஓட்ட வேண்டும் என்பது வாய்க்காலுக்கும் ஓடைக்கும் சொல்லப்படும் அளவு. கிணற்றைப் பொறுத்தவரை, முதல் உழவுக்கு முன்பே சுற்றிலும் கற்களை நட்டோ முள்வேலி அடைத்தோ டிராக்டர் போகக் கூடாத எல்லையைக் கண்ணுக்குத் தெரியும்படி வகுத்துவிடுங்கள். கிணற்றை நோக்கிப் பின்னோக்கி எடுக்க வேண்டியிருக்கும் திருப்பம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இருக்கைக்குப் பின்னால் வளைந்து நிற்கும், வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் ரோப்ஸ் இரும்புச் சட்டம் உங்கள் வண்டியில் இருந்தால், அது நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் போடுவது கட்டாயம்; தாழ்ந்த மாங்கிளைகளுக்கு அடியில் மடக்க நேர்ந்தால், மடக்கியிருக்கும் வரை பெல்ட் போடக் கூடாது. சட்டமே இல்லாத வண்டியில் பெல்ட் உயிருக்கு ஆபத்து.

கருவி மாட்டுவதும் பி.டி.ஓ.வும்

கருவியை மாட்டும் வரிசை இது: முதலில் இடது கீழ் லிங்க் (கருவியைத் தாங்கும் கை), அடுத்து உயரத்தைக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள வலது கீழ் லிங்க், பிறகு டாப் லிங்க், கடைசியில் பி.டி.ஓ. ஷாஃப்ட். கழற்றும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். வண்டி பின்னோக்கி வரும்போது கருவிக்கும் டயருக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது. ஒவ்வொரு பின்னுக்கும் லாக் பின் போட்டதை விரலால் தொட்டுச் சரிபாருங்கள். பக்கவாட்டில் ஆடாதபடி செக் செயினை இறுக்கி, பின்னாலிருந்து பார்த்து இடது வலது மட்டத்தையும், பக்கத்திலிருந்து பார்த்து முன்பின் மட்டத்தையும் சரிசெய்யுங்கள்.

சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் வாங்கிய அன்றே அதன் பி.டி.ஓ. ஷாஃப்டின் நீளத்தைப் பார்க்க வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை. கருவியை மெல்ல மேலும் கீழும் நகர்த்தும்போது, ஷாஃப்ட் மிகச் சுருங்கும் நிலையில் உள்குழாய் முட்டக் கூடாது. மிக நீளும் நிலையில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். நீளம் கூடுதலாக இருந்தால் பட்டறையில் கொடுத்து இரு குழாய்களையும் சம அளவு வெட்டிக்கொள்ளலாம். முட்டும் ஷாஃப்டோடு ஓட்டினால் முதலில் போவது டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்.

வழக்கமான பி.டி.ஓ. வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. வேட்டி முனையோ தோளில் கிடக்கும் துண்டோ முந்தானையோ அதில் பட்டால், கை உதறி எடுப்பதற்குள் ஆளையே சுருட்டிவிடும். ஷாஃப்டின் மேல் உள்ள பிளாஸ்டிக் உறையைக் கிரீஸ் வைக்கத் தொந்தரவு என்று கழற்றி எறியாதீர்கள். வண்டிக்கு ஏறும்போது காற்சட்டையும் பொத்தான் போட்ட சட்டையும் மூடிய செருப்பும் அணிவது நல்லது. பி.டி.ஓ. சுழலும்போது இருக்கையை விட்டு இறங்கக் கூடாது. கத்தியில் சுற்றிக்கொண்ட சொட்டுநீர்க் குழாயை எடுப்பதற்கு இறங்குவதாக இருந்தால் எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே இறங்க வேண்டும்.

முதல் உழவு

மண்ணின் பதம் தெரியாமல் உழுவதைவிட உழாமல் இருப்பது மேல். நான்கு அங்குல ஆழத்தில் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். விழுந்ததும் உதிர்ந்தால் பதம் சரி. உருண்டை அப்படியே கிடந்தால் ஈரம் அதிகம், இன்னும் ஓரிரு நாள் பொறுக்க வேண்டும். உருட்டவே வராவிட்டால் காய்ந்துவிட்டது. கரிசலில் இந்தப் பதம் மிகக் குறுகிய காலமே நிற்கும். ஈரத்தில் ஓட்டினால் சக்கரம் அழுத்திய மண் இறுகி, அடியில் கெட்டித் தட்டாகிவிடும். அதை உடைக்கப் பிறகு உளிக்கலப்பை தேவைப்படும்.

முதல் வேலையாக ஐந்து கொத்துள்ள கொக்கிக் கலப்பையைத்தான் பரிந்துரைப்பேன். அது மண்ணைக் கிளறுகிறது, தவறு செய்தாலும் சேதம் குறைவு. ரோட்டவேட்டர் ஓட்டியபின் நிலம் பார்வைக்கு அழகாக இருக்கும் என்பதால் மாதந்தோறும் அதையே ஓட்ட ஆசை வரும். அடிக்கடி ஓட்டினால் மேல்மண் தூளாகி, அடுத்த மழையில் மூடிக்கொண்டு நீரை உள்ளே விடாது. தென்னையின் வேலைசெய்யும் வேர்கள் பெரும்பாலும் மரத்தைச் சுற்றி ஆறேழு அடிக்குள் இருப்பதால், அந்த வட்டத்துக்குள் எந்தக் கருவியையும் இறக்கக் கூடாது. 25 அடி இடைவெளித் தோப்பில் இரு பக்கமும் ஆறடி விட்டால் நடுவே 13 அடி கிடைக்கும்; நான்கடி ரோட்டவேட்டருக்கு அது மூன்று சால், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். அதற்கு முன் சொட்டுநீர்ப் பக்கக்குழாய்களைச் சுருட்டி மரத்தடிக்கு நகர்த்திவிட்டு, விழுந்த மட்டைகளையும் அகற்றிவிடுங்கள்.

ரோட்டவேட்டரை மண்ணில் இறக்கிவிட்டு பி.டி.ஓ.வைப் போடாதீர்கள், தரைக்குச் சற்று மேலே சுழலவிட்டு, வண்டி நகரத் தொடங்கியதும் மெல்ல இறக்க வேண்டும். மணிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் வேகமும் நான்கு ஐந்து அங்குல ஆழமும் போதும். சாலின் முடிவில் கருவியைத் தூக்கிய பிறகே திரும்ப வேண்டும், ஆனால் சுழலும் கருவியை மிக உயரமாகத் தூக்கினால் ஷாஃப்டின் மூட்டுகள் கடகடக்கும். தேவையான உயரத்தில் லீவர் நிற்கும்படி அதன் தடுப்பைத் திருகி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் 50 மணி நேரமும் சும்மா நிற்கும் நாட்களும்

புது எஞ்சினை முழுப் பாரத்தில் வதைக்கவும் கூடாது, வெறுமனே நீண்ட நேரம் ஐட்லிங்கில் விடவும் கூடாது. மிதமான பாரத்தில், வேகத்தை அவ்வப்போது மாற்றி ஓட்டினால் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு நன்றாகப் பொருந்தும். மீட்டரில் 50 மணி நேரம் ஆனதும் முதல் சர்வீஸைத் தவறாமல் செய்துவிட வேண்டும். அந்த எண்ணெயில்தான் புதுப் பாகங்கள் உரசிய இரும்புத் துகள்கள் கலந்திருக்கும். சிறு தோட்டத்தில் 50 மணி நேரம் ஆவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் மணியோடு தேதியையும் ஒரு நோட்டில் குறித்துவைத்து, மணி ஆகவில்லை என்றாலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். வேலைக்கு எடுக்கும் ஒவ்வொரு காலையும் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், டயர் காற்று, சக்கர நட்டுகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, கிரீஸ் நிப்பிள்களுக்குக் கிரீஸ் வையுங்கள். வறட்டு ரக ஏர் ஃபில்ட்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது.

நிறுத்தும் வரிசை எப்போதும் இதுவே: பி.டி.ஓ.வை எடுப்பது, கருவியைத் தரையில் இறக்குவது, நியூட்ரல், ஆக்சிலேட்டரைக் குறைத்து ஒரு நிமிடம் ஓடவிடுவது, எஞ்சினை நிறுத்துவது, பார்க்கிங் பிரேக், சாவி. கருவியைத் தூக்கிய நிலையில் ஒருபோதும் விட்டுப்போகாதீர்கள். ஹைட்ராலிக் அழுத்தம் குறைந்தாலோ குழந்தை லீவரைத் தட்டினாலோ அது கீழே வந்துவிடும்.

அடுத்த வாரம்வரை நிற்கப்போகும் வண்டிக்கு டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் கட்டாது. தென்னை மரத்துக்கு நேர் கீழே நிறுத்தாமல் கொட்டகையில் நிறுத்தி, இரண்டு வாரத்துக்கு மேல் வரமுடியாதென்றால் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பானட்டுக்கு அடியில் எலி கூடுகட்டி வயரைக் கடித்துவைப்பது தோப்புகளில் வழக்கமான தொல்லை. அதனால் நீண்ட இடைவெளிக்குப் பின் முடுக்குமுன் பானட்டைத் திறந்து, வயர்களையும் ரேடியேட்டர் முன்னுள்ள வலையையும் பார்த்துவிட்டே சாவியைத் திருப்புங்கள்.